போக்கு, வரத்து

மஞ்சக்குப்பத்திலிருந்து முத்தியால்பேட்டை
இருபத்தாறு கிலோமீட்டர்.
கலிவரதன் சார், இதில் உங்களுக்குத் தகராறில்லை.
பெட்ரோல் முள்ளோடையில் போட்டேன்,
அந்த விலையைத்தான் எழுதியிருக்கிறேன்,
கடலூர் விலையை அல்ல.
அரியாங்குப்பம் பாலத்தில் நாற்பது நிமிட நெரிசல்
என் தலையெழுத்து. பில்லில் எழுதவில்லை.

மாப்பிள்ளை அழைப்பு ஆறு மணி என்றீர்கள்.
மாப்பிள்ளை ஒன்பதேகாலுக்கு இறங்கினார்.
பேட்டரியைத் தீரவிடாமல் வைத்திருந்தேன்,
பசியையும்.
முதல் பந்தி சொந்தக்காரர்களுக்காம்.
"சும்மாதானப்பா உக்காந்திருந்தே" என்கிறீர்கள்.
சும்மா உட்கார
என் வீட்டிலேயே நாற்காலி இருக்கிறது சார்.

நடுவில் எடுத்த ஒரு படம்,
ஐஸ்கிரீம் பெட்டிமேல் தலைசாய்த்துத் தூங்கிய பையன்,
அது என்னுடையது. கணக்கில் வராது.

போக்குவரத்து என்று எழுதியிருந்தேன்.
வரத்து மீது
கோடு இழுத்துவிட்டீர்கள், சிவப்புப் பேனாவால்.
போனதற்கு மட்டும் பணம் வந்தது.

ராத்திரி ஒன்றரை மணிக்கு
ரெயின்கோட்டைக் கேமராவுக்குப் போர்த்திவிட்டு
கன்னியக்கோயில் தாண்டி நனைந்துகொண்டே வந்தவன்
வேறு யாரோ.

உங்கள் கணக்குப்படி
நான் இன்னும் அந்த மண்டப வாசலில்தான் நிற்கிறேன்.
அப்படியானால்,
"ஆல்பம் எப்ப ரெடியாகும் தம்பி?" என்று
இன்று காலை போனில்
யாரைக் கேட்டீர்கள்?