தொழில்

படிவத்தில் அந்தக் கோடு
நாலு விரல் நீளம்தான்.
ஒட்டுசுட்டான் கமநல நிலைய வாங்கில்
பேனையின் பின்பக்கத்தைச் சப்பியபடி நிறோசிகன்.

மாசியில் பெண் கேட்டுப் போன வீட்டில்
"பெடியன் என்ன செய்யிறார்?" எண்டதுக்கு
மாமா தொண்டையைச் செருமி
"மெசின் வச்சிருக்கிறார்" எண்டார்.
மெசின் லீசிங்காரன்ர.
தேத்தண்ணிக்கு நல்ல சீனி போட்டிருந்தார்கள்.
பதில்தான் வரேல்லை.

மூண்டு ஏக்கர், முத்தையன்கட்டு வாய்க்காலின் கடைசி.
வெட்டுக்கு முதல் கிழமை மழை.
ஈர நெல்லென்று லொறிக்காரன் சொன்ன விலையை
அவன் வீட்டில் சொல்லவில்லை.
சேறு பிடிக்காமலில்லை.
வீடியோவில் ஆரும் கூப்பிட்டால்
காலை மறைக்க வேண்டியிருக்கு,
அதுதான்.

பக்கத்தில் துவாரகி பேனையை இரவல் வாங்கி
"கடலை, ரெண்டு ஏக்கர்" என்று
கோட்டைத் தாண்டி எழுதினாள்.
"பிள்ளை, தொழிலையல்லோ கேட்டது" என்றார் உத்தியோகத்தர்.
"அதுதான் சேர்."
அவள் வெட்டவில்லை.

சூட்டோடு திரும்பி வந்தது பேனை.
"சாரதி" என்று எழுதினான்.
பொய்யில்லை, அரை வருசத்துக்கு.

வெளியே,
அறிவித்தல் பலகைக்கு முன் நின்று
சிறுபோகத் தண்ணி திறக்கும் திகதியை
உள்ளங்கையில் குறித்தான்.
வேர்க்குமென்று
ரெண்டு தரம்.