எந்தப் புதூர்

பையன் சொன்ன ஊர் புதூர்.
ஈரோடு சந்திப்பு, முதல் நடைமேடை,
உதவி மையத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில்
கால் தரைக்கு எட்டாமல் உட்கார்ந்து
இரண்டாவது பன்னையும் தின்று முடித்துச் சொன்னான்.
எந்தப் புதூர் கண்ணு?
எங்கூருப் புதூருங்க.

கொங்கு நாட்டில் கல்லை விட்டெறிந்தால்
ஏதாவதொரு புதூரில்தான் விழும்.
பழசாகிப்போன புதூர்கள்,
பஸ் திரும்பும் இடமே ஊராகிவிட்ட புதூர்கள்.
பவானிப் பக்கம் கேட்டோம்,
சென்னிமலைப் பக்கம் கேட்டோம்.
ஏழு வயதுப் பையனைக் காணோமென்று
எந்த ஸ்டேசனிலும் யாரும் எழுதித் தரவில்லை.
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.

பெயர் சஞ்சித். வலது முட்டியில் பழைய தழும்பு.
அப்பா பெயர்: அப்பா.
அம்மா பெயர் நதியா. இதை மட்டும்
யாரோ பிடுங்கிக்கொள்வார்கள் என்பதுபோல
மெல்லச் சொன்னான்.

இல்லத்தில் மூன்று ராத்திரி அவன் தூங்கவில்லை.
வார்டன் ஸ்டெல்லாக்கா போன் செய்தார்:
அழவெல்லாம் இல்லீங்க மேடம், உட்கார்ந்தே இருக்கறான்.
சத்தமே இல்லாம எப்படித் தூங்கறதுன்னு கேக்கறான்.

பாலம் தாண்டிப் பள்ளிபாளையம் போய்
ஒரு விசைத்தறிக் குடோனின் சன்னலில்
போனை நீட்டிப் பிடித்தேன், பத்து நிமிடம்.
போட்டுக் காட்டினால் முகம் சுளித்தான்.
இது எங்க தறி இல்லீங்க. எங்கம்மா தறி நொண்டும்.
நாற்காலிக் கையில் தட்டிக் காட்டினான்:
மூன்று அடி, ஒரு விக்கல், மூன்று அடி.
சொல்லிக்கொண்டே
அந்த வேற்றுச் சத்தத்தில்
வாயைப் பிளந்து தூங்கிப்போனான்.

புதூர்களை விட்டேன்.
விக்கும் தறியைத் தேடினேன்.

பதினோராம் நாள், ஆத்துக்கு அக்கட்டயே,
தகரக் கூரைக்கடியில் நாலு தறி.
மூன்றாவதில் நின்றவளுக்கு
இமை மயிரெல்லாம் பஞ்சு.
காவேரி ஸ்டேசனில் ஏறியவன்
ஈரோட்டில் இறங்கியிருக்கிறான்.
ஒரே ஒரு நிறுத்தம்.

நதியா தறியை நிறுத்தவில்லை.
உசுரோட இருக்கறானுங்களா என்றாள், சத்தத்துக்கு மேலே.

ஏம்மா போலீசில் சொல்லவில்லை?
முன்பணம் எம்பதாயிரம் நிக்குதுங்க.
அவிங்கப்பன் போனவன் போனவன்தான்.
நானும் வேலைக்கு வாராம ஸ்டேசன் வாசல்ல நின்னா
ஓடிப்போயிட்டன்னு மொதலாளி நெனச்சுக்குவாருங்க.
ஷிப்ட் முடிஞ்சு கரையோரம்
பேர் சொல்லிக் கூப்ட்டுக்கிட்டே நடப்பனுங்க.
ஆத்தைத்தானுங்க கேட்டேன்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஈரோடு, அந்தப் பக்கம் நாமக்கல்.
ஒரு மாவட்டம் இன்னொரு மாவட்டத்துக்கு
அவனை எழுதியனுப்ப ஒன்பது நாள்.
ஆதாரில் நதியா, ரேஷன் கார்டில் நந்தியா,
அதற்கு இரண்டு நாள்.

குழந்தைகள் நலக் குழுவின் அறையில்
ஓடிப்போய்க் கட்டிக்கொள்வான் என்று
பேனாக்களைக் கீழே வைத்துக் காத்திருந்தோம்.
அவளை மேலும் கீழும் பார்த்தான்.
தறிய நிறுத்திப்போட்டா வந்த?
நிறுத்திப்போட்டுத்தான் சாமி.
அப்புறம்தான் கிட்டே போனான்.

ஏன் ரயில் ஏறினாய் என்ற கேள்விக்கு
கடைசிவரை பதில் சொல்லவில்லை.
அவன் பார்வை அம்மாவின் பக்கம் போனது.
நானும் கேட்பதை விட்டேன்.

அனுப்புமுன் விலாசம் சொல்லிக்கொடுத்தேன்.
கதவு எண், எந்தப் புதூர், எந்த அஞ்சல், எந்த மாவட்டம்,
கூடவே பத்து ஒன்பது எட்டு.
வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தான்,
டீ கொண்டுவந்தவரிடமும் ஒருதரம்.

மூன்றாம் மாதம் நேரில் பார்த்து எழுத வேண்டும், விதி.
போனேன். தகரக் கதவில் பூட்டு.
நொண்டித் தறி எடைக்குப் போய்விட்டதாம்,
ஆட்கள் எங்கே என்று தெரியாதாம்.
கோப்பில் என்ன எழுத?
தேதியை மட்டும் எழுதி வைத்தேன்.

நாலு நாள் கழித்து மைய எண்ணில் ஓர் அழைப்பு.
பின்னால் தறிச் சத்தம், விக்கலே இல்லாமல்.
புது முதலாளி, புது முன்பணம்,
யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

அக்கா, நான் காணாமப் போகலீங்க.
ஊரு மாறிட்டம். எழுதிக்கோங்க.

எந்த ஊர் கண்ணு?

புதூர், என்று தொடங்கினான்.
நான் பேனாவைத் தேடினேன்.