ஊசிக்கும் தூணுக்கும் இடையில்

ஆறரை அங்குலம்.
கலியாணத்தோடு வந்த கறுப்பு மெசினில்
ஊசிக்கும் தூணுக்கும் இடையில் அவ்வளவுதான்.
பாண்டிருப்பில் பாதிப் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை
அந்த ஆறரைக்குள்ளால்தான் போய் வந்தது.
அறுகம்பை விடுதிக்காரி கேட்டதோ
ஏழடி அகலம், எட்டடி நீளம்;
மருதமுனைத் தறிகளில் மிஞ்சிய சாரத் துண்டுகளை ஒட்டி
நடுவில் பஞ்சு வைத்த போர்வை.
ஆறு.

சுருட்டித் தள்ளினேன்.
கதவில் முட்டிய கட்டில் மாதிரி
தூணில் முட்டி நின்றது.

அன்றிலிருந்து
சுருளைக் கயிற்றால் கட்டி உரப்பையில் போட்டுக்கொண்டு
கடை கடையாய் ஏறினேன்.
மற்றவர்கள் விலை கேட்பார்கள்.
நான் சுருளை எடுத்து
மெசினின் கக்கத்துக்குள் வைத்துப் பார்ப்பேன்.

கல்முனையில் பெரிய கடை, வெள்ளை மெசின்.
பொத்தானை அமத்தி
வாத்து வரிசை தைத்துக் காட்டினான் பொடியன்.
"இடம் எவ்வளவு தம்பி?"
"எங்கயும் வைக்கலாம் அக்கா, சின்ன மேசை போதும்."
படப் புத்தகத்தில் ஒன்று இருந்தது, பதினொரு அங்குலம்.
விலையைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு
கனநேரம் பார்த்தேன்.

களுவாஞ்சிக்குடியில், மூடிய கார்மென்ட் ஒன்றின் மெசின்கள்
தகரக் கொட்டிலில் வரிசையாய்.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஓர் இலக்கம்.
பதினேழில் யாரோ ஒருத்தி
நகப்பூச்சால் சின்ன மீன் கீறியிருந்தாள்.
பத்தரை அங்குலம். எழுபத்தைந்தாயிரம்.
என்னிடம் சீட்டுக்காசு நாற்பத்திரண்டு.
அவர் ஐந்து குறைத்தார்.
எனக்குக் கூட்ட ஒன்றுமில்லை.
மீனைத் தடவிவிட்டு பஸ் ஏறினேன்.

மருதமுனையில் துண்டு வாங்க இறங்க, மழை.
ஒதுங்கிய இடம் மசூர் நானாவின் குஷன் கடை.
லொறித் தறப்பாள் ஒன்று நிலமெல்லாம் கிடந்தது,
அதன் ஒரு நுனியை மென்றுகொண்டு
முழங்கைக்கு மேலும் கை நீண்ட ஒரு மெசின்.

"என்ன கா மூட்டை? கப்பலுக்குப் பாய் தைக்கிறியா?"

பதில் சொல்லாமல் சுருளை வைத்தேன்.
போனது.
போன பிறகும் கையை விட்டு ஆட்ட இடம் இருந்தது.
பதினெட்டு. இரண்டு தரம் அளந்தேன்.

"விக்கிறதுக்கில்ல" என்றார், நான் வாய் திறக்குமுன்.
"இத வித்துப்போட்டு நான் என்னத்தத் திங்கிற?"

மழை விடவில்லை.
அவர் தைத்தார், நான் தறப்பாளின் மறுநுனியைத்
தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
பிறகு தறப்பாளிடம் சொல்வதுபோல் சொன்னார்:
"வெள்ளிக்கிழமையில கடை பூட்டு.
மெசினும் சும்மாதான் கிடக்கும்."

மணித்தியாலம் இருநூறு. கரண்டு புறம்பு.
ஊசி என்னுடையது:
இருபத்திரண்டைக் கழற்றிப் பதினாறு.

முதல் வெள்ளி தாரும் கிறீசும் துடைத்தே போனது.
பழஞ்சீலையில் ஓடவிட்டேன்
கறுப்புக் கோடு நரைத்து, நரைத்து,
வெறும் நூலாகும் வரைக்கும்.
அந்த ஒன்றரை மணித்தியாலத்தை
அவர் கணக்கில் போடவில்லை என்று எழுத ஆசை.
போட்டார்.

பாங்கு கேட்டால் மிதியிலிருந்து காலை எடுப்பேன்.
யாரும் சொல்லவில்லை.
சத்தம் கூடிய மெசின், அவ்வளவுதான்.
அந்த இடைவெளியில் பொபின் சுற்றலாம்.

ஏழு வெள்ளி.
ஆறு போர்வையையும் பொத்துவில் பஸ்ஸில் ஏற்ற
"மூட்டைக்கும் டிக்கட்" என்றான் கண்டக்டர்.
எடுத்தேன்.
யன்னலோரம் அது, பக்கத்தில் நான்,
முன்சீட்டுக்கும் என் முழங்காலுக்கும் இடையில்
அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு.

ஐந்தே முக்கால்.