சூசைப்பிள்ளை எதிர்

மூன்றாம் இலக்க நியாயசபையின் மின்விசிறி
சுற்றுக்கு ஒருதரம் முனகும்.
நான் மொழிபெயர்ப்பாளன்.
முனகலை யாரும் என்னிடம் கேட்பதில்லை.

இன்று காலை இளம் சட்டத்தரணி எழுந்து
சூசைப்பிள்ளை வழக்கைப் பாருங்கள் என்றார்.
ஆண்டு சொன்னார், பக்கம் சொன்னார்,
பதினான்காம் பந்தி என்றார்.

சூசைப்பிள்ளை துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்.
புதுக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.
வழக்காடியது அவர் மகள்.
மெற்றில்டா.
கொட்டாஞ்சேனையிலிருந்து கிராண்ட்பாஸுக்கு
பத்தொன்பது வருடம் நடந்துபோய்
தேயிலைப் பெட்டிகளின் நிறையைக்
கொப்பியில் ஏற்றியவள்.

பிறகு ஒரு தராசு வந்தது, தானே எழுதும் தராசு.

வெள்ளிக்கிழமை, நாலே முக்கால்.
அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி
மூடி கழற்றியே நீட்டினார்களாம் பேனையை.
கடிதம் முன்னமே தட்டச்சாகியிருந்தது:
'எனது சுயவிருப்பின் பேரில்.'
டியூசன் விட்டு மகன் தெருவில் நிற்பானே என்று
ஒப்பமிட்டுவிட்டு ஓடினாள்.

கையெழுத்து உம்முடையதுதானா?
ஓம்.
அந்த ஓரெழுத்தை நான்தான்
சிங்களத்துக்குக் கொண்டுபோனேன்.
அதிலேயே சாய்ந்தது வழக்கு.

அன்றைக்கு இன்னொரு சொல்லும் வந்தது.
கம்பனிக்காரர் ஆங்கிலத்தில் சொன்னார்.
'மேலதிகம்' என்றேன்.
கேட்டவரை விட்டு என்னைப் பார்த்தாள்.
மேலதிகம் எண்டால்? மிச்சமோ?
நான் அகராதிக்குள் கை விட்டுத் துழாவினேன்:
மிகை, உபரி, தேவைக்கு மிஞ்சியது.
மிச்சம் எண்டால்
நாளைக்குச் சூடாக்கிச் சாப்பிடலாமே ஐயா.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
கேள்விக்குரிய பதில் அல்ல என்று
எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.
மேன்முறையீடு இல்லாத தீர்ப்பு.

மேல் நீதிமன்றத்திலும் தோற்றாள்.
தாலிக்கொடி அடகுக்குப் போனது, மீளவில்லை.
பதினோராம் வருடம் உயர் நீதிமன்றம் எழுதியது:
சாத்திய கதவுக்கும் திறந்த பேனைக்கும் நடுவில்
இடப்பட்ட ஒப்பத்தைச் சம்மதமென்று கொள்வதற்கில்லை.
இதுதான் பதினான்காம் பந்தி.
அதற்குள் அவளுக்கு ஓய்வு வயது கடந்திருந்தது.
களஞ்சியம் இருந்த இடத்தில் மாடிவீடுகள்.
திரும்பிப் போக வேலையும் இல்லை, வாசலும் இல்லை.
நட்டஈடு வந்தது. கடன் போகக்
கூரைத்தகட்டுக்குப் போதுமாயிருந்தது.

அப்ப ஆருக்கு ஐயா வெண்டது?
படிக்கட்டில் கேட்டாள்.
எனக்கு அன்று தெரியவில்லை.

இன்றைய விண்ணப்பதாரி நிஃப்ராஸ், இருபத்தாறு வயது.
பொதி பிரிக்கும் நிலையத்தில் இரவு வேலை.
ஆட்குறைப்பு என்று கைபேசியில் வந்ததாம்.
'சம்மதம்' என்ற பச்சைக் கட்டத்தை அமத்தாவிட்டால்
கடைசி மாதச் சம்பளம் திறக்காதாம்.
விரலால் அமத்தினான்.

எதிர்த்தரப்பு மூத்த சட்டத்தரணி
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
சூசைப்பிள்ளை வேறு, இது வேறு.
அங்கே கதவு சாத்தியிருந்தது.
இங்கே கதவு எங்கே?
இளையவர் சொன்னார்:
கதவே இல்லாத அறையிலிருந்து
எப்படி வெளியேறுவது?
தலைவர் நிமிர்ந்தார். பிறகு
நெடுநேரம் எதையோ எழுதினார்.
விசிறி முனகியது.
மூடி கழற்றிய அந்தப் பேனை
மேசைகளுக்கு நடுவே கைமாறிப் போவதுபோல் இருந்தது எனக்கு.

இடைவேளையில் விறாந்தையில் வைத்து நிஃப்ராஸ் கேட்டான்:
சூசைப்பிள்ளை எண்டது ஆரு சேர், பெரிய நீதவானா?
நிறை எழுதின ஒரு அம்மா என்றேன்.
அவவுக்கு வேலை திரும்பக் கெடச்சதா?

இல்லை என்றேன்.
பிறகு, யாரும் கேட்காமலே,
மிச்சம், சூடாக்கல், நாளை என்று
அவள் சொன்னதை முழுதாகச் சொன்னேன்.
பதிவேட்டில் ஏறாது. அவனிடம் ஏறியது.

கட்டளை ஒத்திவைக்கப்பட்டது.
அடுத்த தவணை பதினெட்டாம் திகதி.
நாட்காட்டியைப் பார்த்தேன்.
வெள்ளிக்கிழமை.