ஆறடிக் கம்பி

மூன்று கம்பிகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு
வெயிலோடு உள்ளே வந்தார் தாவூத்.
மூலக்கடையில் பஞ்சர் கடை.
கம்பிகள் புதுப்பேட்டையில் எடைக்கு வாங்கியவை:
ஆறடி, மூன்றடி, இரண்டடி.
"முக்கோணமாப் பத்தவை தபித்தா,
போர்டு தொங்கவிடணும்.
ஒண்ணையும் வெட்டாதே,
கிலோ கணக்குல காசு குடுத்திருக்கேன்."

வியாசர்பாடியில் என் பட்டறை.
ரயில் போனால் சுத்தியல் தானாக நகரும்.

தரையில் ஆறடியைக் கிடத்தினேன்.
ஒரு முனையில் மூன்றடியை வைத்துச் சுழற்றி
சாக்பீஸால் ஒரு வில்.
மறுமுனையில் இரண்டடி, அதற்கும் ஒரு வில்.

இரண்டுக்கும் நடுவே
ஓர் அடி சும்மா கிடந்தது.

குனிந்து பார்த்தார்.
"பக்கத்துலதானே இருக்கு,
காய்ச்சி இழுத்துவிடேன்."
"இழுக்கலாம் பாய். அப்புறம் அது மூணடி இல்ல."
"சரி, நடுவுல இருக்கே,
அந்த ஒரு அடிய மட்டும் எடு."
"எடுத்தா தொடும்.
தொட்டுட்டுப் படுத்துக்கும்."

மூன்றும் இரண்டும்
ஐந்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.
எறும்பு நுழைய இடமிருக்காது.
அதில் எந்த போர்டை மாட்ட?

இன்னும் ஒரு சாண் என்றேன்.
கைமாற்று கேட்டவனைப் பார்ப்பதுபோல்
முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டீ வந்தது. ஆடை படியும்வரை யோசித்துவிட்டு,
"அப்போ நெறைய வெட்டினா
நல்லா நிமிருமா?"

நிமிரும், ஓரளவுக்கு.
அப்புறம் ஒரு பக்கமாய்ச் சாயத் தொடங்கும்.
வெட்டி வெட்டி ஓரடிக்கு வந்தால்
அதுவும் இரண்டடியும் சேர்ந்து
மூன்றடிமேல் படுத்துவிடும்.
அதற்கும் கீழே போனால்
மறுபடி எட்டாது.

"நெட்டையும் ஆகாது, குட்டையும் ஆகாதா?"
பெண் பார்க்கப் போன இடத்தில்
பதில் கிடைக்காதவர் போலக் கேட்டார்.

ஐந்திலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி
கட்டிங் மிஷினை இறக்கினேன்.
பொறி பறந்தபோது கண்ணை மூடிக்கொண்டது அவர்தான்.

இப்போது வில்கள் ஒன்றையொன்று வெட்டின,
கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி
அந்தப் பக்கம் ஒரு புள்ளி.
"எதுல வெப்பே?"
"எதுல வெச்சாலும் ஒண்ணுதான் பாய்,
திருப்பிப் போட்டா இது அது."

பற்றவைத்து, ஆறவிட்டு, கையில் கொடுத்தேன்.
மூலையைப் பிடித்து அழுத்தினார்.
முழங்காலில் வைத்து நெரித்தார்.
என் ஸ்டூல் நாலு பக்கமும் ஆடும்,
இது அசையவில்லை.

கூலியில் இருபது ரூபாய் குறைத்தார்.
வெட்டிப்போட்ட துண்டைத் தேடி எடுத்து
பேப்பரில் சுற்றினார்.
"எவ்ளோ இருக்கும்?"
"ஒண்ணே முக்கால் அடி."
வாசல்வரை போய்த் திரும்பினார்.
"இதோட இன்னும் ரெண்டு கெடச்சா?"

"என்ன ரெண்டுன்னு
என்னைக் கேட்டுட்டு வாங்குங்க பாய்."