ஒன்றரைக் கட்டை கீழே

பிலாத்து போன செவ்வாய் பாரிசுக்குப் போய்விட்டான்.
விசா வந்ததை எனக்குச் சொல்லவில்லை.
ஒத்திகைக்கு வராத மூன்றாம் நாள்
அவன் தங்கச்சி வந்து
அங்கியையும் கிரீடத்தையும் ஒரு சொப்பிங் பையில் தந்தாள்.
பொக்கற்றுக்குள் பாதி சப்பிய தோடம்பழ இனிப்பு,
எறும்போடு.

மேடைக்கு இன்னும் பதினெட்டு நாள்.
இது முடிய, ஆவணித் திருவிழாவுக்கு 'உப்பரசி'.
அதில் இரண்டாம் காட்சிக்கு மெட்டே இல்லை.

பகலில் நான் குருநகர் ஐஸ் தொழிற்சாலையில்
கணக்கு எழுதுகிறவள்.
பேரேட்டின் மேல் வலக்கை தானாகத் தாளம் போடும்.
ஒருநாள் கூட்டுப்பாட்டு எடுப்புக்கு
விரலை உயர்த்தியிருக்கிறேன்;
"எத்தினை அக்கா?" என்று
ஒரு கட்டி ஐஸை இழுத்துக்கொண்டு வந்து நிற்கிறான் பொடியன்.
திருப்பி அனுப்ப மனமில்லை.
அன்றைக்குக் கணக்கில் ஒரு கட்டி உருகியது.

ஒத்திகைக் கலண்டர் என்னுடையதல்ல, நிலவினுடையது.
யூதாசு நண்டுவலைக்காரன்.
நிலவு எறிக்கிற நாளில் தொழில் குறைவு,
முத்தம் கொடுக்கிற காட்சியை அன்றுதான் பழகலாம்.
இருட்டு நாள்களில் சேவகர் நாலு பேரும் கடலில்.
நானே ஈட்டி, நானே சவுக்கு,
நானே "சிலுவையில் அறையும்" என்று கத்துகிற சனம்.

புதுப் பிலாத்து றெமீசியஸ், ஓட்டோ ஓட்டுகிறவன்.
நல்ல குரல்தான், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல்.
நாலு கட்டையில் ஏறச் சொன்னால்
கழுத்து நரம்பு மட்டும் ஏறுகிறது.
"ரண்டரை எண்டால் பாடுவன்" என்றான்,
மீற்றருக்கு மேலே கேட்கிறவன் மாதிரிக் கூச்சத்தோடு.

ரண்டரை.
சொல்லச் சுகம்.
நாற்பத்தொரு பாட்டு, ஒன்றோடொன்று முடிச்சுப்போட்ட வலை.
ஒரு கண்ணியை இறக்கினால்
அடுத்ததெல்லாம் இழுபடும்.
பிலாத்தின் மனைவி கனவு கண்டு ஓடிவந்து
அவன் பாட்டுக்குள்ளேயே நுழைந்து பாடவேண்டும்:
அந்த நீதிமானைத் தொடாதையும்.
யூக்கறிஸ்தாவை ரண்டரைக்கு இறக்கினால்
கெஞ்சல் கொட்டாவியாகிவிடும்.

இரண்டு இரவு. கொப்பி, சிவப்புப் பென்சில், அழிறப்பர்.
அழித்த தூள் சாறியெல்லாம்.
ஒன்றரை மணிக்குக் கரண்ட் போனது.
போன் வெளிச்சத்தில்
ஆர்மோனியத்தின் துருத்தியை முழங்காலால் அமத்தி
மத்திமத்தில் விரல் வைத்தேன்,
யோசித்தல்ல, இருட்டில் தடவிப் பட்டது.
அவனுடைய மத்திமம் அவளுக்குச் சட்சமானால்?
ஐந்தரைக் கட்டை.
அவன் கீழே நிற்க
அவள் மேலேயிருந்து வருவாள்.

வெள்ளி இரவு, வலை பொத்துகிற மண்டபம்.
நீக்கிலாஸ் கட்டையைப் பிடிக்கிறான்.
றெமீசியஸ் கை கழுவத் தண்ணீர் கேட்டுப் பாடுகிறான்,
ஒவ்வொரு சொல்லும் நிலத்தில் வைத்த சுமை.
நான் தட்டியின் பின்னால், ரோச் லைற்றோடு.
சனத்துக்குத் தெரியாத இடம் இது;
ஒருதரம் மின்னினால் எடுப்பு, இரண்டுதரம் நிறுத்து.
மின்னினேன்.

யூக்கறிஸ்தா புகுந்தாள்.
ஆறு வருசமாக மனைவியாய்க் கெஞ்சியவள்
அன்று கெஞ்சவில்லை,
கூப்பிட்டாள்,
படகு கவிழக் கண்டவள் கரையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி.
றெமீசியசின் கை கிண்ணத்துக்குள்ளேயே நின்றது.
நாலாம் எண்ணிக்கையில் விழவேண்டிய அடி விழவில்லை.
மத்தளத்தின் மேல் கையை வைத்தபடி
சந்தியோகு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு பதறி, "மறந்து போனன் அக்கா,
இன்னொருக்காப் போவமே?"

நான் ஏசவில்லை.
கொப்பியின் ஓரத்தில் எழுதினேன்:
இந்த இடத்தில் மத்தளம் மறக்கவேண்டும்.
எழுதியதை அவனுக்குக் காட்டவில்லை.
தெரிந்தால் மறக்கமாட்டான்.
எப்படி மறக்கவைப்பது என்று
இன்னும் யோசிக்கிறேன்.

பாரிசிலிருந்து ஒரு செய்தி: என்னமாதிரிப் போகுது?
கோபமாய் நாலு வரி எழுதி, அழித்துவிட்டு
அனுப்பினேன்:
அங்கி றெமீசியசுக்கு அளவு.
தோளிலை மட்டும் கொஞ்சம் பிரிக்கவேணும்.