ஒரு முடிச்சு குறைவு

வாக்வாவில் மழை பெய்வதில்லை, தொங்கும்.
கார்க் கண்ணாடியில், சட்டைக் காலரில்,
வானிலை நிலையத்துக் கொடிக்கம்பத்தில்.
இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று
வாயில்காவலர் வேலாயுடனிடம் சொல்லிவிட்டு
இரவுப் பணிக்கு ஏறினேன்.

அது வடக்கே, அறுநூறு கிலோமீட்டரில்.
இன்னும் பெயரில்லை, எண்தான்.
செயற்கைக்கோள் படத்தில்
யாரோ பால் டம்ளரைத் தட்டிவிட்டதுபோல் கிடக்கிறது.
மையம் எங்கே என்று நாலு பேர்
நாலு இடத்தில் பெருக்கல் குறி போட்டிருக்கிறோம்.
என்னுடையது சிவப்பு.

நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடம்.
இந்தப் பருவத்துக்கு மட்டும் ரெயூனியனில் நிறுத்தியிருக்கும் விமானம்
தெற்கிலிருந்து அதற்குள் நுழைகிறது.
உள்ளே எலோடி என்றொருத்தி. குரல் தெரியும், முகம் தெரியாது.
பாராசூட் கட்டிய கருவிகளை
ஒரு குழாய் வழியே ஒவ்வொன்றாக நழுவவிடுவது அவள் வேலை.
முழங்கை நீளம்கூட இருக்காது.
விழுகிற நாலு நிமிடமும் ஓயாமல் பேசும்:
அழுத்தம், ஈரம், வெப்பம், காற்று வரும் திசை.
பிறகு கடல்.
உயரம் சுழியம் என்று வந்ததும்
அடுத்ததைப் பார்க்கப் போய்விடுவோம்.

முதலாவது: கிழக்குக் காற்று, இருபத்தாறு முடிச்சு.
இரண்டாவது: கிழக்கு, முப்பத்தொன்று.
மூன்றாவது
கிழக்கு இல்லை.
மேற்கு.

இரண்டுதரம் படித்தேன்.
என் சிவப்புக் குறிக்கு இன்னும் எழுபது கிலோமீட்டர் இருக்கிறது.
எங்கள் கடலில் புயல் வலஞ்சுழி;
தெற்கே நின்றால் கிழக்கிலிருந்து அடிக்கும்
வடக்கே போனால் மேற்கிலிருந்து.
அப்படியென்றால் அவள் மையத்தைத் தாண்டிவிட்டாள்.
அது அவள் முதுகுக்குப் பின்னால்,
எங்கள் பக்கமாக.
மேகம் ஓரிடம், ஆள் ஓரிடம்.

பக்கத்து மேசையில் பெர்த்ரான்
தன் பச்சைக் குறியைச் சத்தமில்லாமல் அழித்தான்.

சென் பிராந்தோன் மணல்திட்டுகளில்
முப்பத்தெட்டு மீனவர்கள்.
அங்கே பாரமானி படிப்பவன் மார்செலின்.
ஆயிரத்து ஒன்று, என்றான் வானொலியில்.
அரை மணி கழித்து, ஆயிரத்தில் அரை குறைவு.
"அதெல்லாம் உன் கணக்கு.
காயப்போட்ட உப்பு மீனை உள்ளே எடுக்கவா, வேண்டாமா?
அதைச் சொல்லு."

கைபேசியில் தம்பி தேவானந்தன்.
பத்து நாள் விரதம், மணிக்கட்டில் மஞ்சள் காப்பு,
நாளை மறுநாள் காவடி.
அக்கா, லி பெ வினி? என்று கேட்டிருந்தான்.
வருதா?
எங்கள் கிரியோலில் அவனும் லி, அவளும் லி, அதுவும் லி.
பெயர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் லி.
அறிக்கை நாலு மணிக்கு, என்று பதில் போட்டேன்.
அக்காவைக் கேட்டால் அரசாங்கம் பேசுகிறது என்று
நினைத்திருப்பான்.

முப்பத்து நாலு முடிச்சு நிலைத்தால் பெயர்.
பட்டியலில் அடுத்தது என்னவென்று தெரியும்.
இங்கே எழுதமாட்டேன்.
எழுதினால் வந்துவிடும் என்பது விஞ்ஞானம் இல்லைதான்,
இருந்தாலும்.

மூன்று மணிக்கு
சிவப்புக் குறியை எழுபது கிலோமீட்டர் தெற்கே இழுத்தேன்.
விரல் நகத்தளவு நகர்ந்தது.
மீனை உள்ளே எடு, என்றேன் மார்செலினிடம்.
படகையும்.

எலோடி சொன்னாள்: எரிபொருள் போதாது,
இன்னும் ஒன்றுதான்.

விழுந்தது.
ஆயிரம் மீட்டரில் முப்பது.
ஐந்நூறில் முப்பத்திரண்டு.
இருபதில் முப்பத்து மூன்று.
கடல் இருபத்தெட்டரைப் பாகை,
குழந்தையைக் குளிப்பாட்டுகிற வெதுவெதுப்பு.
உயரம், சுழியம்.

அடுத்தது இல்லை.
அந்தக் கடைசி வரியிலேயே இருந்தேன்.
தம்பியின் காப்பு நினைவுக்கு வந்தது.
கட்டியது ஒரு முடிச்சா, இரண்டா?

வானொலி கரகரத்தது.
"மீன் உள்ளே, படகு மேலே," என்றான் மார்செலின்.
"இப்ப?"